இயற்பியலோடு கணிதத்தை இரண்டாவது மேஜராகச் சேர்ப்பது: மிச்சம் 7 பேப்பர்தானே, எங்கே சிக்கல்?

அலைநீளம்:

நான்காண்டு இயற்பியல் பட்டம், மொத்தம் 120 கிரெடிட். இரண்டாவது செமஸ்டர் முடியப்போகிறது. கணித மேஜர் பட்டியலில் 12 பேப்பர், 39 கிரெடிட். அதில் கால்குலஸ் மூன்றும், லீனியர் அல்ஜீப்ராவும், டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸும் இயற்பியலுக்கே கட்டாயம் என்பதால் 5 பேப்பர் தானாக முடிந்துவிடும். மிச்சம் 7 பேப்பர், 21 கிரெடிட்: நிறுவல் (கணித நிரூபணம்) அறிமுகம், ரியல் அனாலிசிஸ் 1 மற்றும் 2, அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், விருப்பப் பாடம் இரண்டு. கையில் 6 செமஸ்டர் இருக்கிறது. செமஸ்டருக்கு ஒன்றாகப் பிரித்தால் ஒரே ஒரு செமஸ்டரில்தான் இரண்டு வரும்.

கணக்கு இவ்வளவு நேராக இருக்கும்போது கேட்கிறவர்கள் எல்லாரும் "வேண்டாம், மூச்சு முட்டும்" என்கிறார்கள். கால்குலஸ் இரண்டிலும் முதல் கிரேடு. சிக்கல் எங்கே இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுழியம்:

கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரெடிட்டை எண்ணுவதற்கு முன்னால் சங்கிலியை எண்ணுங்கள். நிறுவல் அறிமுகம் முடிந்தால்தான் அனாலிசிஸ் 1, அது முடிந்தால்தான் அனாலிசிஸ் 2. அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவுக்கும் நிறுவல் அறிமுகம் முன்தேவை. டோபாலஜி மாதிரியான விருப்பப் பாடத்துக்கு அனாலிசிஸ் 1 கேட்பார்கள். ஆக 7 பேப்பரையும் நினைத்த வரிசையில் தூவ முடியாது.

அடுத்தது, மேல்நிலை கணிதப் பேப்பர்களைப் பல துறைகள் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடத்துகின்றன. அனாலிசிஸ் 1 ஒற்றைப்படை செமஸ்டரில், 2 இரட்டைப்படையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவல் அறிமுகத்தை 3 அல்லது 4-வது செமஸ்டரில் முடித்தால் அனாலிசிஸ் 1 ஐந்தாவதிலும் 2 ஆறாவதிலும் வரும். ஐந்தாவதில் சறுக்கினாலும் ஏழாவதில் திரும்ப எழுதி எட்டாவதில் அனாலிசிஸ் 2-ஐ முடித்துவிடலாம். அதே நிறுவல் அறிமுகத்தை "இயற்பியல் கொஞ்சம் பழகட்டும்" என்று ஐந்தாவதுக்குத் தள்ளினால் அனாலிசிஸ் 1 ஏழாவது செமஸ்டரில்தான். அதில் ஒரு அரியர் விழுந்தால் பட்டமே ஒரு வருடம் தள்ளிப்போகும். ஒரு 3 கிரெடிட் பேப்பரை ஒரே ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டதற்கான விலை அது.

மூச்சு முட்டுவது எதனால் என்று கேட்டீர்கள். உங்கள் 120-ல் இயற்பியலும் பொதுப் பாடங்களும் போக விருப்பக் கிரெடிட் எவ்வளவு மிச்சம்? 18 என்றால் 21 அதற்குள் அடங்காது, பட்டம் 123 கிரெடிட்டில் முடியும். 3 கிரெடிட் கூடுவது பெரிய விஷயமில்லை. கனமான செமஸ்டரைச் சமன்செய்ய எடுக்கும் லேசான பேப்பர்கள் அந்த 18-க்குள்தான் இருந்தன. இரட்டை மேஜர் அந்த இடத்தை முழுக்கச் சாப்பிட்டுவிடும். ஐந்தாவது செமஸ்டரில் குவாண்டம், மின்காந்தவியல், மேல்நிலை லேப், கூடவே அனாலிசிஸ் 1. இந்த நான்கில் எதுவுமே இளைப்பாற இடம் தராது.

கோட்டுரு:

கால்குலஸ் கிரேடு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை வைத்து அனாலிசிஸில் எப்படிப் போகும் என்று கணிக்கவே முடியாது. கால்குலஸில் விடை கண்டுபிடிப்பீர்கள். அனாலிசிஸில் விடையை அவர்களே கொடுத்துவிட்டு, ஏன் என்று எழுதச் சொல்வார்கள். வேறு திறமை அது.

ஒரு உதாரணம். எண்ணை வர்க்கமாக்கும் சார்பு எல்லா மெய்யெண்களின் மேலும் சீரான தொடர்ச்சி உடையதா என்று கேள்வி. கால்குலஸ் பழக்கத்தில் வருகிறவர் "வரைபடம் எங்கேயும் உடையவில்லை, ஆகவே ஆம்" என்று எழுதுவார். பூஜ்யம்தான் விழும்.

எண்களை வைத்துப் பாருங்கள். 10, 10.1 என்ற இரண்டுக்கும் இடைவெளி 0.1, வர்க்கங்கள் 100, 102.01. 100, 100.01 என்றால் இடைவெளி 0.01, வர்க்கங்கள் 10000, 10002.0001. 1000, 1000.001 என்றால் இடைவெளி 0.001, வர்க்கங்கள் 1000000, 1000002.000001. இடைவெளி எவ்வளவு சுருங்கினாலும் வர்க்கங்களின் வித்தியாசம் 2-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறது. நிறுவல் இங்கேயே வந்துவிட்டது: எப்சிலானை (வர்க்கங்களின் வித்தியாசத்துக்கான வரம்பு) 2 என்று வைத்துக்கொள், எந்த டெல்டாவை (எண்களின் இடைவெளிக்கான வரம்பு) நீட்டினாலும், தலைகீழி அதைவிடச் சின்னதாக வரும் ஒரு முழு எண்ணை எடு, அந்த எண்ணும், அதோடு அதன் தலைகீழியைக் கூட்டி வரும் எண்ணும் விதியை உடைத்துவிடும். மூன்றே வரி.

மாணவர்கள் தடுக்கி விழுவது "எந்த", "ஏதோ ஒரு" என்ற சொற்களின் வரிசையில். சாதாரணத் தொடர்ச்சியில் முதலில் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, பிறகு டெல்டாவைத் தேடலாம். சீரான தொடர்ச்சியில் டெல்டாவை முதலில் சொல்லியாக வேண்டும், அது எல்லாப் புள்ளிக்கும் ஒத்துவர வேண்டும். இதே சார்பை 0 முதல் 10 வரை மட்டும் பார்த்தால் சீரான தொடர்ச்சி வந்துவிடுகிறது. மூடிய, எல்லைக்குட்பட்ட இடைவெளியில் (0 முதல் 10 வரை போல இரு முனையும் சேர்ந்த துண்டில்) அப்படி என்ன இருக்கிறது என்ற கேள்விதான் அனாலிசிஸ் 1-ன் உயிர்நாடி. அதைக் கேட்டதும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறவருக்கு இந்த மேஜர் நிச்சயம் பிடிக்கும்.

பதிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. 2-ன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்ற நிறுவல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே நிறுவலில் 2 வருகிற இடத்தில் எல்லாம் 4 போட்டு எழுதிப் பாருங்கள். 4-ன் வர்க்கமூலம் 2, ஆகவே நிறுவல் எங்கோ உடைந்தாக வேண்டும். எந்த வரியில்? "ஓர் எண்ணின் வர்க்கம் 4-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 4-ஆல் வகுபடும்" என்ற வரி பொய். 2-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள், வர்க்கம் 4, அது வகுபடும், 2 வகுபடாது. யார் உதவியும் இல்லாமல் அந்த வரியை நீங்களே கண்டுபிடித்து, 2-க்கு மட்டும் அது ஏன் செல்லும் என்றும் எழுத முடிந்தால் தாராளமாகச் சேருங்கள்.

பாகை_90:

எல்லாரும் எப்படி முடிக்கிறதுன்னு சொல்றீங்க, எதுக்குன்னு யாருமே கேக்கலையே. அலைநீளம் தம்பி, மைனருக்கு (மேஜரைவிடக் கம்மி பேப்பர்ல முடியுற துணைப் பாடம்) எத்தனை பேப்பர்னு பாருங்க. வழக்கமா 5, 6 இருக்கும். 5 ஏற்கனவே வந்துடுது. துறை ஒத்துக்கிட்டா இன்னும் ஒண்ணு ரெண்டு எடுத்தா மைனர் கைல இருக்கு. மிச்சமிருக்கிற இடத்துல பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், நியூமெரிக்கல் அனாலிசிஸ்னு இயற்பியலுக்கு நேரா உதவுறதா எடுக்கலாம். இல்லைன்னா அந்த நேரத்தை ஆராய்ச்சி லேப்ல போடலாம். சோதனை இயற்பியலுக்குப் போறவங்களை மேற்படிப்புக்கு எடுக்கும்போது அனாலிசிஸ் 2-ஐ விட ஒரு வருஷ லேப் அனுபவம்தான் பேசும். "ரெண்டு மேஜர்"னு சான்றிதழ்ல இருக்குங்கிறதுக்காக மட்டும் யாரும் இடம் குடுக்கிறதில்ல.

சுழியம்:

பாகை சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன். கருவியாக மட்டும் கணிதம் வேண்டும் என்றால் மைனர் போதும். சோதனை இயற்பியலுக்கு அதுவே நல்ல முடிவு. ஆனால் கணிதத்திலேயே மேற்படிப்பு என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும் இல்லாமல் கதவு திறக்காது. கோட்பாட்டு இயற்பியலுக்கு அவை கட்டாயமில்லை என்றாலும் கைகொடுக்கும்.

அனாலிசிஸ் இயற்பியலுக்கு நேராக உதவாது என்பது போன்ற பேச்சை மட்டும் ஏற்க முடியவில்லை. 1821-ல் கோஷி என்ற கணிதவியலர், தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டிக்கொண்டே போய்க் குவியும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியாகத்தான் இருக்கும் என்று எழுதினார். 1826-ல் ஆபெல் ஒரு சைன் தொடரைக் காட்டி, இது விதிவிலக்காகத் தெரிகிறதே என்றார். உறுப்புகள் எல்லாம் வழவழப்பானவை, கூட்டுத்தொகையோ சில புள்ளிகளில் தாவுகிறது. இயற்பியல் மாணவர் இதையே சதுர அலையின் ஃபூரியே தொடரில் பார்க்கிறார். தாவும் இடத்தில் ஒரு கொம்பு முளைக்கும், உயரம் தாவலின் சுமார் 9 சதவீதம். 10 உறுப்பு போட்டாலும் 1000 உறுப்பு போட்டாலும் அந்தக் கொம்பு ஒல்லியாகுமே தவிர உயரம் குறையாது. அலைக்காட்டியின் கோளாறோ, நிரல் பிழையோ என்று தேடிக்கொண்டிருப்பவருக்குக் காரணத்தைச் சொல்லித் தருவது சீரான குவிதல் (எல்லாப் புள்ளியிலும் ஒருசேர நெருங்குவது) என்ற கருத்து. அது அனாலிசிஸ் பேப்பரில்தான் வருகிறது. குவாண்டத்தில் ஹில்பர்ட் வெளி என்று சொல்லிக் கடந்துபோகிற இடத்திலும் இதே அடித்தளம்தான்.

வேதிக்குடுவை:

இதே கேள்வி வேதியியலுக்கு. எங்க பட்டியல்ல கால்குலஸ் 1, 2 மட்டும்தான் பொது. அப்போ 12-ல் 10 பேப்பர் புதுசா எடுக்கணும். குரூப் தியரி ரெண்டு பக்கமும் வருதே, அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா எடுத்தா மூலக்கூறு சமச்சீர் பேப்பர் சுலபமாயிடுமா?

கோட்டுரு:

10 பேப்பர் என்றால் கிட்டத்தட்ட 30 கிரெடிட்; இயற்பியலைவிட மூன்று பேப்பர் கூடுதல் சுமை. அதைவிடப் பெரிய இடைஞ்சல் நேர அட்டவணை. ஆர்கானிக் லேப் வாரம் ஒன்றிரண்டு மதியங்களை மூன்று நான்கு மணி நேரம் முழுசாக அடைத்துக்கொள்ளும், ரெக்கார்ட் எழுதும் நேரம் தனி. கணிதப் பேப்பர் வாரத்தில் மூன்று நாள் ஒவ்வொரு மணி நேரமாக வரும். அந்த மூன்றில் ஒன்று லேப்போடு மோதினாலே பேப்பர் போச்சு. மேல்நிலைப் பேப்பருக்கு ஒரே பிரிவுதான் இருக்கும், மாற்று நேரம் கிடைக்காது. போன இரண்டு வருட அட்டவணையை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துறைகள் பெரும்பாலும் அதே நேரத்தைத்தான் திரும்பப் போடுகின்றன.

குரூப் தியரி பற்றி: அம்மோனியா மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். அதை அப்படியே வைப்பது ஒன்று, 120, 240 பாகை சுழற்றுவது இரண்டு, ஒவ்வொரு ஹைட்ரஜன் வழியாகவும் போகும் மூன்று தளங்களில் பிரதிபலிப்பது மூன்று. ஆக 6 செயல்கள். மூன்று ஹைட்ரஜன்களுக்குப் பெயர் வைத்து அவை எப்படி இடம் மாறுகின்றன என்று எழுதினால், மூன்று பொருள்களை வரிசை மாற்றும் 6 வழிகளும் ஒன்று விடாமல் வந்துவிடும். அல்ஜீப்ரா பேப்பரின் முதல் மாதத்தில் பார்க்கும் அதே குலம்தான் (குரூப்). சுழற்றிவிட்டுப் பிரதிபலிப்பதும், பிரதிபலித்துவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல என்பதைக் காகித முக்கோணம் ஒன்றை வெட்டிச் செய்து பார்த்தாலே தெரியும்.

ஆனால் உங்கள் பேப்பருக்கு வேண்டியது கேரக்டர் டேபிள், அதாவது சமச்சீர்ச் செயல்களை எண்களாகச் சுருக்கும் அட்டவணை. அம்மோனியாவுக்கு அதில் மூன்று வரிசை வரும். பரிமாணங்கள் 1, 1, 2. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6, அதாவது குலத்தின் செயல் எண்ணிக்கை. ஏன் எப்போதும் அப்படி வருகிறது என்பது ரெப்ரசென்டேஷன் தியரி, குலத்தை அணிகளாக எழுதிப் படிக்கும் பிரிவு. முதல் அல்ஜீப்ரா பேப்பரில் பெரும்பாலும் அது இருக்காது. ஈவுக் குலம், ஹோமோமார்ஃபிசம், வளையம், களம் என்று வேறு பக்கம் போகும். ஆகவே தேர்வுக்கு உடனடி லாபம் குறைவு, புரிதலுக்கு லாபம் அதிகம். வேதியியலுக்கு முதலில் எடுக்க வேண்டியது லீனியர் அல்ஜீப்ரா. ஐகென் மதிப்பு புரியாமல் குவாண்டம் வேதியியலில் எதுவும் ஒட்டாது. பத்து பேப்பர் சுமைக்கு நான் மைனரையே சொல்வேன்.

அலைநீளம்:

நன்றி. கோட்டுரு கொடுத்த 4 சோதனையில் வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். 2-க்கு ஏன் செல்லும் என்பதற்கு அது பகா எண் என்பது காரணம் என்று எழுதினேன். இன்னொரு சந்தேகம்: இயற்பியல் துறையே "கணித இயற்பியல் முறைகள்" என்று ஒரு பேப்பர் நடத்துகிறது. காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ், ஃபூரியே, பார்ஷியல் எல்லாம் அதில் இருக்கிறது. அதைக் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸுக்குப் பதிலாகக் காட்ட முடியுமா?

பாகை_90:

பெரும்பாலும் முடியாது தம்பி. அதுல ரெசிட்யூ போட்டு இன்டெக்ரல் கண்டுபிடிப்பீங்க, ஆனா கோஷி தேற்றத்தை நிறுவ மாட்டீங்க. கணிதத் துறை அதை ஏத்துக்காது. கேட்டுப் பாக்கிறதுல தப்பில்ல, பாடத்திட்டத்தையும் வினாத்தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்க. விருப்பப் பாடத்துல ஒண்ணா வேணா சில சமயம் எண்ணுவாங்க.

லீனியர் அல்ஜீப்ராவுலயும் இதே கண்ணி இருக்கு. பல இடத்துல ரெண்டு பேப்பர் ஓடும். ஒண்ணு அணியை வெச்சுக் கணக்குப் போடுறது, இன்னொண்ணு வெக்டர் வெளி, நிறுவல்னு போறது. இயற்பியல் பட்டியல்ல முதல் வகை போதும்னு இருக்கும். கணித மேஜருக்கு ரெண்டாவது வேணும்னு இருக்கும். தெரியாம முதல் வகையை எடுத்துட்டா உங்க "5 பொது" 4 ஆயிடும். 3-வது செமஸ்டர்ல எடுக்கப்போறீங்கன்னா பேப்பர் கோடு எண்ணை ரெண்டு பட்டியல்லயும் ஒத்துப்பாத்துட்டுப் பதியுங்க.

அப்புறம் இரட்டை எண்ணிக்கை விதி. ஒரே பேப்பரை ரெண்டு மேஜருக்கும் காட்டுறதுக்கு உச்சவரம்பு வெச்சிருக்கிற இடங்கள் உண்டு. 4 பேப்பர்தான்னு வரம்பு இருந்தா அஞ்சாவதுக்குப் பதிலா இன்னொரு கணிதப் பேப்பர் எடுக்கணும். உங்க 21 கிரெடிட் 24 ஆகும். கீழ்நிலைப் பேப்பருக்கு வரம்பு இல்லாம மேல்நிலைக்கு மட்டும் வெச்சிருக்கிறதும் உண்டு. இதையெல்லாம் அட்வைசர் வாயால சொன்னா பத்தாது, மின்னஞ்சல்ல பதில் வாங்கி வெச்சுக்கோங்க. ஆள் மாறினா அந்த எழுத்துதான் பேசும். எந்த வருஷப் பாடத்திட்டம் உங்களுக்குப் பொருந்தும்னும் கேளுங்க: பட்டத்துல சேர்ந்த வருஷத்ததா, மேஜரைப் பதிஞ்ச வருஷத்ததா? நடுவுல திட்டம் மாறினா ஒரு புதுக் கட்டாயப் பேப்பர் தலையில விழும்.

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டையும் மறக்காதீங்க. ரெண்டு துறையும் தனித்தனியா கேட்டா எட்டாவது செமஸ்டர் தாங்காது. ரெண்டு பக்கமும் ஒரு ஆள் வெச்சு ஒரே ப்ராஜெக்ட்டா பண்ண விடுவாங்களான்னு ஆறாவதுலயே கேட்டுடணும்.

உயிரணு:

உயிரியலில் இருந்து எட்டிப்பார்க்கிறேன். எங்களுக்கும் இதே பட்டியலா?

சுழியம்:

கட்டாயப் பேப்பர்கள் அதேதான், விருப்பப் பாடத்தில்தான் வழி பிரியும். நிகழ்தகவு, ஸ்டோகாஸ்டிக் ப்ராசஸ், டைனமிக்கல் சிஸ்டம்ஸ் மூன்றும் உங்களுக்கு. 1908-ல் ஹார்டி என்ற கணிதவியலர், ஓங்கு பண்பு தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே போகாதா என்ற உயிரியல் சந்தேகத்துக்கு எளிய பெருக்கல் கணக்கிலேயே பதில் சொல்லிவிட்டார். இன்று மரபணுத் தொடர்களோடு வேலை செய்கிறவருக்கு வேண்டிய கணிதம் அதைவிட வெகுதூரம் போய்விட்டது. புள்ளியியல் தனி மேஜராக இருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உயிரியலுக்கு அதுதான் பலருக்கு நெருக்கமாக இருக்கும்.

அலைநீளம்:

எல்லாம் சேர்த்து இப்படிப் போட்டிருக்கிறேன். 3-ல் கால்குலஸ் 3, நிறுவல் வகை லீனியர் அல்ஜீப்ரா, நிறுவல் அறிமுகம். 4-ல் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ், நிகழ்தகவு. 5-ல் அனாலிசிஸ் 1, அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா. 6-ல் அனாலிசிஸ் 2. 7-ல் காம்ப்ளெக்ஸ். 8-ல் இன்னொரு விருப்பப் பாடம். சரியா?

சுழியம்:

இரண்டு இடத்தைத் திருத்துங்கள். 5-ல் அனாலிசிஸையும் அல்ஜீப்ராவையும் சேர்க்காதீர்கள். இரண்டிலும் வாரம் ஒரு அசைன்மென்ட், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நிறுவல், அதில் ஒன்றாவது இரண்டு நாள் மண்டையைக் குடையும். பக்கத்தில் குவாண்டம் வேறு. அல்ஜீப்ரா ஒற்றைப்படையில் மட்டும் நடக்கிறது என்றால் 7-க்குத் தள்ளி, காம்ப்ளெக்ஸை 8-க்கு மாற்றுங்கள். விருப்பப் பாடத்தை எந்த செமஸ்டர் லேசாக இருக்கிறதோ அங்கே போடலாம்.

3-ல் நிறுவல் அறிமுகமும் நிறுவல் வகை லீனியர் அல்ஜீப்ராவும் ஒன்றாக வருகின்றன. முதலாவது இரண்டாவதுக்கு முன்தேவை என்று வைத்திருக்கும் துறைகள் உண்டு. அப்படி இருந்தால் 3-ல் நிறுவல் அறிமுகம் மட்டும் எடுத்துவிட்டு லீனியர் அல்ஜீப்ராவை 4-க்குக் கொண்டுபோங்கள், நிகழ்தகவு காத்திருக்கட்டும். ஆனால் குவாண்டம் 5-ல் தொடங்குவதற்குள் லீனியர் அல்ஜீப்ரா முடிந்திருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மேஜரை முறைப்படி பதியும் படிவத்தை நிறுவல் அறிமுகத்தின் இடைத்தேர்வுக்குப் பிறகு கொடுங்கள். பேப்பரைக் கைவிடும் கடைசித் தேதி பெரும்பாலும் அதற்குப் பின்னால்தான் வரும். இரண்டு தேதியையும் செமஸ்டர் தொடங்கும் அன்றே குறித்து வையுங்கள்.

அலைநீளம்:

பார்த்துவிட்டேன். இடைத்தேர்வு ஏழாவது வாரம், கைவிடும் கடைசித் தேதி ஒன்பதாவது வாரம். லீனியர் அல்ஜீப்ராவுக்கு முன்தேவை கால்குலஸ் 2 மட்டும்தான் போட்டிருக்கிறது. 5-ஐயும் மாற்றிவிட்டேன்.